கடைக்குள் வரலாம், கல்லாவில் நிற்கலாமா?

“சும்மா ஸ்காலர்ஷிப் வரல, ஸ்காலர்ஷிப் வரலன்னு புலம்பிக்கிட்டு… சாயங்காலம் ஏதாவது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பார்ட் டைம் வேலைக்குப் போய்ப் படிக்க வேண்டியதுதானே?”

கல்வி உதவித்தொகை தாமதத்தைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் இந்தப் பதில் தயாராக இருக்கிறது. டீக்கடையில் சொல்கிறார்கள். கல்லூரி ஆசிரியர் ஓய்வறையில் சொல்கிறார்கள். யூடியூபில் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர்கள் பின்னணி இசையோடு சொல்கிறார்கள். வெளிநாட்டில் படித்த தன் மகன் அங்கே சூப்பர் மார்க்கெட்டில் பெட்டி தூக்கித்தான் படித்தான் என்று பெருமையாகச் சொல்லும் பெரிய மனிதர்களும் உண்டு. அந்த மகன் அங்கே தூக்கிய பெட்டி இங்கே குடும்பக் கௌரவமாகிறது. அதே பெட்டியைச் சேரிப் பிள்ளை தூக்கினால், “அவங்களுக்கு அதுதானே வரும்” என்கிறார்கள்.

இந்த அறிவுரையைச் சொல்பவர்களில் எத்தனை பேர் அந்த வேலையைக் கேட்டு ஒரு கடை வாசலில் நின்றிருக்கிறார்கள்? நின்ற பிள்ளைகளோடுதான் நான் வேலை செய்கிறேன். அரசுக் கலைக் கல்லூரிகளில் பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. படிக்கும் முதல் தலைமுறை மாணவர்கள் அவர்கள். முதல் ஷிஃப்டில் படித்துவிட்டு மதியத்துக்கு மேல் வேலை தேடுபவர்கள். அவர்கள் சொல்லக் கேட்டதையும், அவர்களுக்காகக் கடை மேலாளர்களோடு பேசப் போன இடங்களில் நானே பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்: இந்த வேலை கிடைப்பதிலும் சாதி இருக்கிறது, கிடைத்த வேலை நிலைப்பதிலும் சாதி இருக்கிறது. குளிரூட்டப்பட்ட கடைக்குள் அது யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நிற்பதால் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

நான்கு கேள்விகள்

கண்ணாடிக் கதவில் ‘ஆட்கள் தேவை, பகுதி நேரமும்’ என்று ஒட்டியிருக்கும். உள்ளே போனால் சூப்பர்வைசர் நான்கு கேள்விகள் கேட்பார். என்ன படிக்கிற? எத்தனை மணிக்கு வர முடியும்? வீடு எங்க? நம்ம கடையில தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?

முதல் இரண்டும் வேலைக்கான கேள்விகள். அடுத்த இரண்டும் சாதிக்கான கேள்விகள்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. சுகதேவ் தோரட், பால் அட்வெல் ஆகிய ஆய்வாளர்கள் 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு சாதி, மதப் பெயர்களில் அனுப்பினார்கள். 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். தலித் பெயர் கொண்ட விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, ஆதிக்க சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. படிப்பு ஒன்று, தகுதி ஒன்று. மாறியது பெயர் மட்டும்.

“அது வடநாடு. தமிழ்நாட்டில் யார் பெயருக்குப் பின்னால் சாதி இருக்கிறது?” என்று கேட்பீர்கள். உண்மைதான். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தொடங்கி வைத்த அந்த வேலை இந்த மண்ணின் பெருமை. ஆனால் பெயரில் இல்லாததை முகவரியில் தேடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இங்கே ‘வீடு எங்க?’ என்பதுதான் பெயரின் பின்னொட்டு. ஊர்ப்பக்கத்தில் ‘எந்தத் தெரு?’ என்றால் போதும். சிறுநகரத்தில் ‘காலனியா?’ என்றால் போதும். அந்தச் சொல் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது என்பதால்தான் 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் எழுந்து, அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ நீக்கப்படும் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. ஆவணத்திலிருந்து நீக்கலாம். சூப்பர்வைசரின் தலைக்குள்ளிருந்து நீக்குவதற்கு எந்த அரசாணை?

சென்னையில் வேறொரு பட்டியல் இருக்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்திக் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட மக்களின் முகவரிகள். அவர்களில் கணிசமானோர் தலித்துகள். ‘கண்ணகி நகர்’ என்று சொன்னதும் முகம் மாறுவதை அந்தப் பிள்ளைகள் சிறுவயதிலிருந்தே பார்க்கிறார்கள். துரைப்பாக்கத்தில் இருக்கிறேன், காரப்பாக்கம் பக்கம் இருக்கிறேன் என்று சொல்லப் பழகிக்கொள்கிறார்கள். 2025இல் கபடி வீராங்கனை கார்த்திகா ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிவந்து, தன் ஊர் கண்ணகி நகர் என்று தலைநிமிர்ந்து சொன்னார். நாடே கைதட்டியது. நல்லது. ஆனால் ஒரு முகவரியை மரியாதையோடு சொல்வதற்கு ஆசிய அளவில் தங்கம் வாங்க வேண்டுமா? மாலை நேரத்தில் பிஸ்கட் பாக்கெட் அடுக்கும் வேலைக்கு வருபவளிடம் எந்தப் பதக்கத்தைக் கேட்கப் போகிறீர்கள்?

நான்காவது கேள்வி இன்னும் நுட்பமானது. ‘தெரிஞ்சவங்க யாராவது?’ கடையில் ஏற்கெனவே இருப்பவர்கள் முதலாளியின் ஊர்க்காரர்கள், உறவுக்காரர்கள், அவர்கள் கூட்டிவந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்தவர்கள் யார்? அவர்கள் தெருவில் இருப்பவர்கள். ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும் ஒரு சமூகத்தில் ‘தெரிந்தவர் மூலம்’ என்பது சாதி மூலம் என்பதன் இன்னொரு பெயர். யாரும் யாரையும் வெறுக்க வேண்டியதில்லை. சிபாரிசே வேலையைப் பார்த்துக்கொள்ளும். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசி 2007இல் வெளியிட்ட ஆய்வைப் படித்துப் பாருங்கள். திறமையை மட்டுமே பார்க்கிறோம் என்று சொல்கிறவர்கள், அதே மூச்சில் ‘குடும்பப் பின்னணி’யையும் கேட்கிறார்கள். பெரிய நிறுவனங்களே அப்படி என்றால், மெயின் ரோட்டுக் கடையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

யாரும் “உனக்கு வேலை இல்லை” என்று சொல்வதில்லை. “நம்பர் குடுத்துட்டுப் போப்பா, சொல்லி அனுப்புறோம்” என்பார்கள். அந்த அழைப்பு வராது. கதவில் ஒட்டிய தாள் மட்டும் அப்படியே இருக்கும்.

ரேக்குக்கும் கல்லாவுக்கும் நடுவே

சரி, வேலை கிடைத்துவிட்டது என்று வையுங்கள். கிடைக்கத்தான் செய்கிறது. பண்டிகைக்கு முன்பு ஆள் பற்றாக்குறை வரும்போது யாரையும் எடுத்துக்கொள்வார்கள். அப்போது அடுத்த கேள்வி: எங்கே நிறுத்துவார்கள்?

ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் ஓர் ஊர் வரைபடம் இருக்கிறது. வாசலருகே வெளிச்சத்தில் பில்லிங் கவுண்டர். அழகுசாதனப் பொருட்கள் பக்கம் நிற்பவர்கள் வாடிக்கையாளரிடம் பேசுபவர்கள். நடுவில் ரேக்குகளில் அடுக்குபவர்கள். பின்னால் பருப்பும் சர்க்கரையும் பொட்டலம் போடும் இடம். அதற்கும் பின்னால் குடோன், லோடு இறக்குமிடம், குப்பை, கழிவறை. முன்னாலிருந்து பின்னால் போகப் போக நிறம் மாறுவதைப் பாருங்கள். எந்தப் பகுதியிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிறகு வந்து என்னிடம் ‘இங்கே சாதி பார்ப்பதில்லை’ என்று சொல்லுங்கள்.

பி.காம். படிக்கும் மாணவன் ஒருவன். டேலி தெரியும், கணக்கு சுத்தம். எட்டு மாதம் குடோனில் அரிசி மூட்டை இறக்கினான். பில்லிங்கில் இடம் காலியானபோது கேட்டான். பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற, மேலாளருக்குத் தெரிந்த வேறொரு பையனை அங்கே உட்கார வைத்தார்கள். இவனிடம் சொன்ன காரணம்: “கஸ்டமர் முன்னாடி நிக்கிறதுக்கு ஒரு லுக் வேணும்பா.” இன்னொரு மாணவியிடம் ஆங்கிலம் போதாது என்றார்கள். அந்தக் கடையின் வாடிக்கையாளர்கள் பத்தில் ஒன்பது பேர் தமிழில்தான் வெங்காய விலை கேட்கிறார்கள்.

‘லுக்’, ‘கம்யூனிகேஷன்’, ‘நம்பிக்கையான ஆள்’. இந்த மூன்று சொற்களும் இன்றைய சாதியின் அகராதி. இவற்றில் மிகக் கொடியது மூன்றாவது. கல்லாவில் பணம் இருக்கிறது. பணம் இருக்குமிடத்தில் ‘நம்பிக்கையான ஆள்’ வேண்டும். நம் பிள்ளையின் மீது நம்பிக்கை வராது. ஸ்டாக் எடுக்கும்போது ஒரு டியோடரண்ட் குறைந்தால் முதலில் யாருடைய பையைத் திறக்கச் சொல்கிறார்கள்? வேலை முடிந்து போகும்போது எல்லோரையும் சோதித்தால் அது விதி. இருவரை மட்டும் நிறுத்திச் சோதித்தால் அதற்குப் பெயர் என்ன?

“வாடிக்கையாளர்கள் விரும்ப மாட்டார்கள்” என்பதும் ஒரு காரணமாம். எந்த வாடிக்கையாளர் பில் போடுபவரின் சாதிச் சான்றிதழைக் கேட்டார்? அப்படிக் கேட்கும் ஒருவர் வந்தாலும், அவருக்காகக் கடையை மாற்றிக்கொள்பவர் அவரைவிட என்ன மேல்?

நிலைப்பதற்கு என்ன விலை

வேலை கிடைப்பதைவிட அதைக் கல்லூரியோடு சேர்த்து வைத்துக்கொள்வது கடினம். ஒரு மாணவர் சொன்ன கணக்கு இது. மாலை 4 முதல் இரவு 10 வரை ஆறு மணி நேரம். மாதம் 26 நாள். சம்பளம் 7,000 ரூபாய். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 45 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. நான்கு மணி என்பது சேரும்போது சொன்ன நேரம். இரண்டாவது வாரத்திலிருந்து “ரெண்டு மணிக்கே வந்துடு” என்றார்கள். பிறகு ஞாயிறு முழு நாள். பிறகு தீபாவளி.

தீபாவளி வணிகமும் கல்லூரியின் நவம்பர் செமஸ்டரும் முட்டிக்கொள்ளும் காலம்தான் நம் பிள்ளைகள் உதிரும் காலம். கடைக்கு அப்போதுதான் ஆள் வேண்டும், கல்லூரிக்கு அப்போதுதான் வருகைப்பதிவு வேண்டும். லீவு கேட்டால் “நாளையிலிருந்து வராதே” என்கிறது கடை. வகுப்புக்கு வராவிட்டால் 75 சதவீதம் இல்லை என்கிறது கல்லூரி. பணம் கட்டி வருகைப்பதிவுக் குறையைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. அந்தப் பணத்தைச் சம்பாதிக்கப் போனதால்தான் அந்தக் குறையே வந்தது என்பதை யார் கணக்கில் எடுப்பார்கள்? அடுத்த ஆண்டு அறிக்கையில் அந்தப் பிள்ளை ‘இடைநிற்றல்’ என்ற பட்டியலில் ஒரு எண். காரணம் என்ற இடத்தில் ‘ஆர்வமின்மை’ என்று எழுதுவார்கள்.

சம்பளப் பிடித்தத்தைப் பார்ப்போம். கல்லாவில் குறைந்தால் பிடித்தம். ஊறுகாய் பாட்டில் உடைந்தால் பிடித்தம். யாரோ திருடிப்போன சாக்லேட்டுக்கு அந்த ஷிஃப்டில் இருந்த எல்லோருக்கும் பங்கு போட்டுப் பிடித்தம். இது சட்டவிரோதம். ஒருவரிடம் குறிப்பாக ஒப்படைத்த பொருளோ பணமோ அவருடைய கவனக்குறைவால் நேரடியாக நட்டமானால் மட்டுமே, அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகே பிடிக்கலாம் என்று 1936ஆம் ஆண்டின் ஊதியச் சட்டமே சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. அபராதம் என்றால் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதை எந்தக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்?

அசல் மதிப்பெண் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைக்கும் கடைகளும் உண்டு. கல்லூரிகளே மாணவரின் அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இல் யுஜிசி உத்தரவிட்டது. பருப்புக் கடைக்காரருக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது? நம் வீடுகளில் சொத்துப் பத்திரம் கிடையாது. அந்தச் சான்றிதழ்தான் பத்திரம். அதை அடகு வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளையைப் பத்து மணி வரை நிறுத்திவைப்பது பண்ணையடிமை முறையின் மிச்சம்.

நிற்பது என்றதும் இன்னொன்று. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்பது சட்டமானது. கேரளம் 2018இலேயே செய்தது. நீங்கள் பொருள் வாங்கும் கடையில் ரேக்குகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலையாவது பார்த்திருக்கிறீர்களா? காலையில் கல்லூரி பெஞ்சில் தூங்கி விழும் மாணவியை ‘அலட்சியம்’ என்று திட்டும் பேராசிரியருக்கு, அவள் முந்தைய இரவு எத்தனை மணி நேரம் உட்காராமல் நின்றாள் என்பது தெரியாது.

மாணவிகளின் நிலை தனி. 2019இல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் நாள் முழுதும் திறந்திருக்க அரசு அனுமதித்தபோது, பெண்களை இரவு 8 மணிக்கு மேல் சாதாரணமாக வேலை வாங்கக் கூடாது, வாங்கினால் எழுத்துப்பூர்வமான சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது தெரியுமா? சேரும் நாளில் நீட்டும் நான்கைந்து தாள்களில் அதுவும் ஒன்று. கையெழுத்துப் போட்டால் வேலை. பாதுகாப்பு எங்கே என்றால், பத்தரை மணிக்கு அவள் தனியாகப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதுதான் பதில்.

இந்த வேலை ஏன் தேவைப்படுகிறது?

இதைக் கேட்காமல் அறிவுரை சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில், வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் சாதாரண பி.ஏ. மாணவருக்குப் பராமரிப்புத் தொகை ஆண்டுக்கு 3,000 ரூபாய். மாதத்துக்கு 250. விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 6,000. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 1,000 வருகிறது. அதை வரவேற்கிறேன். ஆனால் இவை எல்லாம் சேர்ந்தும் ஒரு மாணவரின் சாப்பாடு, புத்தகம், தேர்வுக் கட்டணம், செல்போன் ரீசார்ஜ், வீட்டில் அப்பாவுக்கு வேலையில்லாத வாரத்தின் அரிசி ஆகியவற்றுக்குப் போதாது. அந்த 3,000மும் கல்வியாண்டின் தொடக்கத்தில் வருவதில்லை. செலவு ஜூனில், உதவித்தொகை எப்போதோ.

தாமதம் என்பது நிர்வாகக் கோளாறு என்று கடந்துபோகாதீர்கள். ரோஹித் வெமுலா 2016 ஜனவரியில் நம்மை விட்டுப் போனபோது அவருக்கு ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், வர வேண்டியிருந்தது.

ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு 2025இல் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர். கல்லூரி விடுதி மாணவருக்கான உணவுத் தொகை 2023இல் மாதம் 1,500 ஆக உயர்த்தப்பட்டது. அதாவது மூன்று வேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 50 ரூபாய். வேலை முடிந்து பத்தரைக்கு வரும் மாணவருக்கு அந்தச் சோறும் மிஞ்சாது. கேட்டும் பூட்டியிருக்கும். வார்டன் ‘ஊர் சுற்றிவிட்டு வருகிறான்’ என்பார். மாணவர் வேலைக்குப் போவதே விடுதி விதிப்படி ஒழுங்கீனம், போகாவிட்டால் பொதுப்புத்தியின்படி சோம்பேறித்தனம். எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றவாளி அவன்தான்.

“ஏழை மாணவர் எல்லோருக்கும் இதே நிலைதானே?”

இடதுசாரித் தோழர்கள் சிலர் இதைக் கேட்பார்கள் என்று தெரியும். மணிக்கு 45 ரூபாய், இருக்கை இல்லாமை, பிடித்தம் எல்லாம் எல்லா ஏழைப் பிள்ளைகளுக்கும்தான். அதில் எங்களுக்கு ஒரு மறுப்பும் இல்லை. அந்தப் போராட்டத்தில் ஒன்றாக நிற்போம். ஆனால் முகவரியைக் கேட்டு நிராகரிக்கப்படுவது எல்லோருக்கும் நடப்பதில்லை. தகுதியிருந்தும் குடோனைத் தாண்ட முடியாமல் போவது எல்லோருக்கும் நடப்பதில்லை. மற்ற ஏழைப் பிள்ளைக்குச் சம்பளம்தான் பிரச்சினை. நம் பிள்ளைக்கு அந்தச் சம்பளத்துக்கு முன்பே ஒரு கதவு, பின்பும் ஒரு கதவு.

உணவு விநியோகச் செயலிகளின் பக்கம் நம் பிள்ளைகள் ஏன் ஓடுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? செயலி ‘எந்தத் தெரு?’ என்று கேட்பதில்லை. மழையிலும் வண்டியிலும் உயிரைப் பணயம் வைப்பதைவிட, கூரைக்கடியில் நிற்கும் வேலை கடினமாக இருக்கிறது என்றால் அந்தக் கூரையில்தான் கோளாறு.

அம்பேத்கரின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணிக்கு வந்தார். வேலை கையில் இருந்தது. தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். வேலையை விட்டுவிட்டு பம்பாய் திரும்பினார். வேலை கிடைப்பது வேறு, அந்த வேலையில் நிலைக்க விடுவது வேறு என்பதை அதைவிடத் தெளிவாக யாருக்குச் சொல்ல வேண்டும்?

சட்டம் எங்கே நிற்கிறது?

அரசியலமைப்பின் 15(2) பிரிவு, கடைகளுக்குள் நுழைவதற்குச் சாதி தடையாக இருக்கக் கூடாது என்கிறது. 16ஆவது பிரிவு அரசு வேலையில் சம வாய்ப்பு தருகிறது. நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது: தனியார் கடையின் கல்லா. காசு கொடுத்து வாங்கும் கையாக நாம் உள்ளே வரலாம். காசு வாங்கிப்போடும் கையாக நிற்பதற்கு இங்கே உத்தரவாதம் இல்லை.

சட்டமே இல்லை என்று சொல்லவில்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, தீண்டாமையின் பேரில் எந்த வேலையிலும் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. அச்சட்டத்தின் 12ஆவது பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால் அது தீண்டாமையால் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தமும் வேலை செய்ய விடாமல் தடுப்பதைக் குற்றப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இவை எல்லாம் குற்றவியல் சட்டங்கள். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். “சொல்லி அனுப்புறோம்” என்ற இரண்டு சொல்லை வைத்து எந்த ஆய்வாளர் எஃப்.ஐ.ஆர். போடுவார்? பத்தொன்பது வயதுப் பிள்ளை எந்தத் துணிச்சலில் போய் நிற்கும்?

தேவைப்படுவது வேறு சட்டம். ‘ஏன் என்னை எடுக்கவில்லை?’ என்று கேட்கும் உரிமையை விண்ணப்பித்தவருக்கும், பதில் சொல்லும் கடமையை முதலாளிக்கும் தரும் சட்டம். அமெரிக்காவின் சியாட்டில் மாநகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அது தனியார் வேலைக்கும் பொருந்தும். சியாட்டிலில் ஒரு சூப்பர் மார்க்கெட் பதில் சொல்ல வேண்டிய கேள்விக்குச் சைதாப்பேட்டையில் ஏன் பதில் சொல்லக் கூடாது? இந்தியாவிலும் சம வாய்ப்பு ஆணையம் அமைக்க மாதவ மேனன் தலைமையிலான நிபுணர் குழு 2008இலேயே அறிக்கை தந்தது. அது சட்டமாகவில்லை. சமூகநீதியின் தலைநகரம் என்று மார்தட்டும் தமிழ்நாடு முதலில் செய்து காட்டட்டுமே.

கேட்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

அரசிடம் நாம் கேட்பவை தெளிவானவை. உதவித்தொகையின் பராமரிப்புப் பகுதியைக் கல்வியாண்டின் முதல் மாதத்திலேயே கொடு. வேலைக்குப் போகும் விடுதி மாணவருக்கு அனுமதிச் சீட்டும் எடுத்துவைத்த சோறும் கொடு. பகுதி நேர ஊழியருக்கு நியமனக் கடிதமும் வங்கி வழிச் சம்பளமும் கட்டாயமாக்கு. தேர்வு நாட்களில் விடுப்பு கேட்டதற்காக மாணவரை நீக்குவதைத் தடை செய். வேலைக்கு எடுக்கும்போது முகவரி, குடும்பப் பின்னணி கேட்பதை நிறுத்து. வீட்டு முகவரி சேர்ந்த பிறகு பதிவேட்டுக்குத் தேவைப்படும், தேர்வுக்குத் தேவைப்படாது.

வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இது. அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், போட்ட தாளைப் படம் எடுத்து வையுங்கள். வேலைக்கு வந்த நேரம், போன நேரத்தை ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். ஷிஃப்ட் மாற்றச் சொல்லி வரும் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்று கடைகள் சட்டத்தின் 41ஆவது பிரிவு சொல்கிறது. அதில் ‘படிக்கிற பையன்’ என்றொரு விலக்கு கிடையாது. புகாரைத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். எங்களைக் கூப்பிடுங்கள்.

நம் இயக்கங்களுக்கும் ஒரு வார்த்தை. அரசு வேலை, பின்னடைவுப் பணியிடம், உயர்கல்வி இட ஒதுக்கீடு என்று பேசுகிறோம். பேச வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் சம்பளத்தை வாங்கும் இடம் அரசு அலுவலகம் அல்ல. அது ஒரு குடோன், ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சூப்பர் மார்க்கெட். பதினெட்டு வயதில் அங்கேதான் அவர்கள் தங்கள் இடம் எது என்று கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பாடத்தை முதலாளி நடத்துகிறார். நம் சங்கம் அங்கே இல்லை, நம் வழக்கறிஞர் அங்கே இல்லை, நம் சுவரொட்டி அங்கே இல்லை. ஒவ்வொரு கல்லூரி அம்பேத்கர் வாசகர் வட்டமும் வேலைக்குப் போகும் மாணவர்களின் பெயர், கடை, நேரம், சம்பளம் எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதத் தொடங்கட்டும். ஒரு வட்டாரத்தில் எந்தக் கடை நம் பிள்ளைகளைக் குடோனிலேயே வைத்திருக்கிறது என்பது எழுத்தில் இருந்தால், அடுத்த முறை மேலாளரோடு பேசப் போவது ஒருவர் அல்ல, ஒரு வட்டம்.

நம் மக்கள் இந்தக் கடைகளில் மாதச் சாமான் வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சமூகம். அவர்கள் கொடுக்கும் நோட்டை வாங்கிப் போடும்போது எந்தக் கல்லாவும் ‘எந்தத் தெரு?’ என்று கேட்பதில்லை. அந்த நோட்டுக்கு இருக்கும் மரியாதை அதைக் கொடுத்தவரின் மகளுக்கும் வேண்டும் என்று கேட்கத் தொடங்குவோம். அதைக் கேட்பதற்குச் சலுகை என்று பெயரில்லை.

ஜெய் பீம்.